மீன்முள் வாய்க்கால்கள்

சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம் தில்லை. இன்று சிதம்பரத்தின் நான்கு வீதிகளையும் சுற்றி வந்தாலும் தில்லைக் காட்டைக் காண முடியாது. ஊரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, பிச்சாவரத்தில் படகேறினால் அந்த மரம் கண்ணில் படும். ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் தெறித்தால் சிலகாலம் பார்வையே மங்கிவிடும். தில்லை உப்பங்கழியில் வளரும் மரம். தமிழகத்தின் மிகப் பெரிய கோயில்களில் ஒன்று தன் மரமாக ஓர் உப்பங்கழி மரத்தைக் கொண்டிருக்கிறது என்றால், இந்த நெல்வயல் நாட்டுக்கும் அதன் கிழக்கே கிடக்கும் சேற்றுக் காட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே வங்கக் கடல். இந்த மூன்றுக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. உப்பனாறும் நூற்றுக்கணக்கான ஓடைகளும் இதை ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகப் பிரிக்கின்றன. 1975இல் வந்த ‘இதயக்கனி’ படம் இந்த ஓடைகளைத் தமிழகம் முழுவதும் அறிமுகப்படுத்தியது. 2022இல் இது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் 1980களில் இதே காட்டின் நிலை வேறாக இருந்தது. படகில் போனவர்களுக்கு இரு கரையிலும் பச்சைச் சுவர் தெரிந்தது. கரையேறிச் சில எட்டுகள் உள்ளே நடந்தவர்களுக்கு வெற்றுத் தரை தெரிந்தது. உப்புப் பூத்த, விரிசல் விட்ட, புல்லும் முளைக்காத தரை. காட்டின் பெரும்பகுதி அப்படித்தான் கிடந்தது. வனத்துறை காவல் போட்டது. கன்றுகள் நட்டுப் பார்த்தார்கள், அவை காய்ந்தன. இந்தக் காடு மீண்ட கதையைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. அதில் விலை உயர்ந்த கருவி எதுவும் கிடையாது. மண்வெட்டியும் கூடையும் கூர்மையான ஒரு கேள்வியும்தான் அதன் மூலதனம்.

உப்பைத் தாங்கும் எல்லை

அலையாத்தி மரங்கள் உப்புநீரில் வாழ்வது எப்படி என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சுரபுன்னை, உப்பை வேரிலேயே தடுத்து நிறுத்துகிறது. நீரை உறிஞ்சும்போது பெரும்பங்கு உப்பு வேர்ச்சவ்வுக்கு வெளியிலேயே நின்றுவிடும். வெண்கண்டல் வேறு வழியைக் கைக்கொள்கிறது. வேரைத் தாண்டி உள்ளே வந்த உப்பை, இலையில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் வெண்கண்டல் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

காற்று நுழையாத சேற்றில் வேர் மூச்சுவிடவும் வழி வேண்டும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டு நிற்கும். சுரபுன்னை தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்குவேர்களால் நிற்கவும் செய்கிறது, மூச்சும் விடுகிறது. சுரபுன்னையின் விதையோ தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் நீளத்துக்கு வளர்ந்த பிறகே கீழே விழுகிறது. பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து உருவான ஒரு கலப்பினமும் உண்டு. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கே. கதிரேசன் அதைக் கண்டறிந்து, பல்கலைக்கழகத்தின் பெயரால் ‘ரைசோஃபோரா அண்ணாமலையானா’ என்று பெயரிட்டார்.

இத்தனை திறன் இருந்தும் இந்த மரங்களுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவு வரை அவை சமாளிக்கும். நன்னீர் கலந்து உப்பு குறைந்தால் இன்னும் செழிக்கும். மண்ணின் உப்பு கடல்நீரைவிடப் பல மடங்கு ஏறினால் வெண்கண்டலே தோற்றுவிடும். முளைவிட்ட விதைதான் முதலில் சாகும். பிச்சாவரத்தின் நடுத்திட்டுகளில் நடந்தது அதுவே.

யார் மேல் பழி?

காடு அழிந்ததற்குக் காரணம் கேட்டால் நெடுங்காலமாக ஒரே பதில்தான் வந்தது: பக்கத்து ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். ஏழைகள் மேல் சுமத்த எளிதான பழி அது. அந்தப் பதிலிலிருந்து பிறந்த தீர்வும் எளிதானது: ஆட்களை வெளியே நிறுத்து, காவலைக் கூட்டு.

சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பிச்சாவரத்தில் ஆய்வைத் தொடங்கியது. வி. செல்வம் உள்ளிட்ட அதன் அறிவியலாளர்கள் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். ‘யார் அழித்தார்கள்’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘விதை விழுகிறது, நீர் வருகிறது, பிறகும் காடு ஏன் தானாக முளைக்கவில்லை’ என்று கேட்டார்கள். விடைக்கான தடயம் காட்டின் வடிவத்திலேயே இருந்தது. விறகுக்காகப் படகில் வருபவர் கைக்கு முதலில் எட்டுவது ஓடைக்கரை மரம்தான். அது பசுமையாக நின்றது. ஆள் எளிதில் போகாத நடுப்பகுதிதான் வெறுமையாகக் கிடந்தது. ஊரார் வெட்டியதுதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பழைய வனப்பதிவுகள் மீதியைச் சொல்லின. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை, பிச்சாவரம் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை முழுவதுமாக மொட்டையடித்து வெட்டி விற்கும் முறை அரசு நிர்வாகத்தாலேயே நடத்தப்பட்டது. வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளரும், சில பத்தாண்டுகள் கழித்து மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. மலைக்காட்டில் ஓரளவு பலித்த கணக்கு அது. சேற்றுக் காட்டில் பலிக்கவில்லை.

நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. களிமண்ணும் மக்கிய இலைதழையும் சேர்ந்த அந்தச் சேறு காய்ந்து சுருங்கியது. சுருங்கியதால் தரை தாழ்ந்தது. ஓடைக்கரை மட்டும் தினமும் நனைந்துகொண்டிருந்ததால் உயரமாகவே நின்றது. நடுப்பகுதி, விளிம்பு உயர்ந்த தாம்பாளம் போல ஆகிவிட்டது. பெரிய ஏற்றத்தின்போது கடல்நீர் கரையைத் தாண்டி உள்ளே இறங்கும். வற்றத்தின்போது அதற்கு வெளியேற வழியில்லை. அங்கேயே தேங்கி, வெயிலில் ஆவியாகும். நீர் போகும், உப்பு தங்கும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம். ஆண்டுக்கணக்கில் இப்படியே சேர்ந்தது.

சுந்தரவனத்தில் ஏன் இப்படி ஆகவில்லை என்று கேட்கலாம். அங்கே கடல் பல மீட்டர் ஏறி இறங்கும். சிறு பள்ளம் இருந்தாலும் அந்த வேகம் கழுவித் துடைத்துவிடும். நம் கடலூர்க் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. சில அங்குலம் தரை தாழ்ந்தாலே நீர் சிறைப்பட்டுவிடும். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் அணைகள் வந்தபின், வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர மற்ற காலத்தில் இந்தக் காட்டுக்கு வந்துசேரும் நன்னீர் வெகுவாகக் குறைந்துவிட்டது. உப்பைக் கரைத்துக் கொண்டுபோக ஆளில்லை.

நோய் என்னவென்று தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. தரையை உயர்த்த முடியாது. ஆனால் தேங்கும் நீருக்கு வழி வெட்டலாம்.

முதுகெலும்பும் முட்களும்

வெட்டிய வழியின் வடிவம் எளியது. வெறுமையான திட்டின் நடுவே, இயற்கை ஓடையோடு இணையும்படி ஒரு தாய் வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முதுகெலும்பும் முட்களும் போலத் தெரியும். அதனால் இதற்கு மீன்முள் வடிவ வாய்க்கால் என்று பெயர் வந்தது.

ஒவ்வொரு விவரத்துக்கும் காரணம் இருக்கிறது. வாய்க்கால் மேலே அகலமாகவும் அடியில் குறுகியும் இருக்கும். செங்குத்தாக வெட்டினால் இளகிய கரை சரிந்துவிடும். கிளைகள் சாய்வாகப் பிரிவதால் ஏற்றநீர் தடையின்றி ஏறி, வற்றத்தில் தடையின்றி இறங்கும். வாய்க்காலின் மட்டம் ஓடையின் மட்டத்தோடு பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். ஆகவே மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே திட்டின் மேடுபள்ளங்களை அளந்து வரைபடமாக்க வேண்டியிருந்தது. வெட்டிய மண்ணைப் போடும் இடத்தையும் முன்பே யோசிக்க வேண்டும். தவறான பக்கம் குவித்தால் அதுவே புதிய வரப்பாகி நீரை மறிக்கும்.

வாய்க்கால் திறந்ததும் கடல் நாளும் வந்து போகத் தொடங்கியது. ஒவ்வொரு வற்றமும் கொஞ்சம் உப்பை வெளியே எடுத்துச் சென்றது. பருவமழை மீதியைக் கரைத்தது. மண்ணின் உப்பு கடல்நீரின் அளவை நெருங்கியபின் கன்றுகள் நடப்பட்டன. அதிகம் வெண்கண்டல், ஓரங்களில் சுரபுன்னை. கரையின் உச்சியில் நட்டால் காயும், அடியில் நட்டால் மூழ்கும் என்பதால் சரிவின் நடுமட்டத்தில் நட்டார்கள். மிதந்து வந்த விதைகள் தாமாகவே ஒதுங்கி முளைத்ததும் உண்டு. நீர் திரும்பியதும் காடு தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிட்டது.

இதன் பலனை ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் எடுத்த படத்தை 2002இல் எடுத்த படத்தோடு ஒப்பிட்டபோது, பிச்சாவரத்தில் காடு மூடிய பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது. செல்வமும் அவர் குழுவினரும் இதை 2003இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களிலும், ஒடிசாவிலும் இதே அணுகுமுறை பின்பற்றப்பட்டது.

வெட்டியவர்களே காவலர்கள்

வாய்க்கால் ஒருமுறை வெட்டிவிட்டால் முடிந்துபோகும் வேலை கிடையாது. ஒவ்வொரு ஏற்றமும் வண்டலைக் கொண்டுவருகிறது. சில ஆண்டுகளில் கிளைகள் தூர்ந்துவிடும். தூர்ந்தால் நீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும். ஆகவே அக்கம்பக்கத்து ஊர்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளாவிட்டால் இந்த நுட்பம் நிலைக்காது.

1990களின் பிற்பகுதியில் இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து காட்டை நிர்வகிக்கும் முறை உருவானது. ஊர்தோறும் ஒரு மன்றம். வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் உறுப்பினர். எந்தத் திட்டில் வாய்க்கால் வெட்டுவது, யார் நடுவது, மாடு எங்கே மேய்வது என்பதெல்லாம் அங்கே பேசி முடிவானது. இத்தனை காலம் குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்டவர்களே திட்டமிடும் இடத்தில் உட்கார்ந்தார்கள். வாய்க்கால் வெட்டிய கூலியும் அவர்களுக்கே போனது.

இதில் அந்த ஊர்களில் ஒன்றான எம்.ஜி.ஆர். நகரின் இருளர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலையும் படகும் இல்லாமல், கழுத்தளவு நீரில் மணிக்கணக்கில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட, பனையோலையால் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். காட்டின் ஒவ்வொரு ஓடையும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் நெடுங்காலம் அவர்களை மீனவர்களாகவும் யாரும் மதிக்கவில்லை. பழங்குடிகள் என்ற சான்றிதழும் எளிதில் கிடைக்கவில்லை. திட்டத்தின் தொடர்ச்சியாகச் சான்றிதழ், பள்ளி, மீன்பிடி உபகரணம் என்று அவர்களுக்குச் சில கதவுகள் திறந்தன. காட்டை மீட்கும் திட்டத்தில் சாதிச் சான்றிதழுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நாளைய சோற்றுக்கு உத்தரவாதம் இல்லாதவரிடம் இருபது ஆண்டு கழித்து வளரப்போகும் மரத்தைக் காக்கச் சொல்வது அறமாகாது. இதை அந்தத் திட்டம் புரிந்துகொண்டது. என் கண்ணுக்கு, வாய்க்காலின் வடிவத்துக்குச் சமமான புதுமை இது.

காடு திரும்பினால் அதன் முதல் பயனும் இவர்களுக்கே. கடலில் பொரித்த இறால் குஞ்சு ஏற்றநீரோடு உள்ளே வந்து, வேர்களுக்கிடையே பதுங்கி, மக்கிய இலையில் உருவாகும் இரையைத் தின்று வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகிறது. மடவையும் கொடுவாவும் சேற்று நண்டும் இந்த வேர்க்காட்டை நம்பியே இருக்கின்றன. இறால் பண்ணைக்காகக் காட்டை அழிக்காமல், குளத்தின் கரைகளிலும் திட்டுகளிலும் அலையாத்தி மரங்களை வளர்த்துக்கொண்டே மீனும் நண்டும் வளர்க்கும் பண்ணை முறையையும் அந்த நிறுவனம் இப்பகுதியில் செய்து காட்டியது. வெண்கண்டலின் உப்புத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்க்கும் ஆய்வும் அதே நிறுவனத்தில் அஜய் பரிடா தலைமையில் நடந்தது. கடல்நீர் நிலத்தடியில் ஏறிவரும் கடைமடை வயல்களை நினைத்தால் அந்த ஆய்வின் அருமை புரியும்.

சுனாமி கேட்ட கேள்வி

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நாளுக்குப் பிறகு உலகம் பிச்சாவரத்தைக் கவனிக்கத் தொடங்கியது. டேனியல்சன் என்ற ஆய்வாளரும் செல்வம் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் கடலூர் கரையின் படங்களைச் சுனாமிக்கு முன், பின் என்று ஒப்பிட்டு, 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். கடற்கரையை ஒட்டியிருந்த இரண்டு ஊர்கள் முற்றிலும் அழிந்தன. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் அழிவின்றித் தப்பின. சவுக்குத் தோப்புகளும் அலையைத் தணித்தன என்றது அந்த ஆய்வு. கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டை அருகே 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, மரங்கள் இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று எழுதினார்கள்.

2006இல் வேறு சில ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரத்தை எடுத்து வேறு முடிவுக்கு வந்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளி, சற்று மேட்டில் இருக்கும். தூரத்தையும் உயரத்தையும் கழித்துவிட்டால் மரத்தின் பங்கென்று மிஞ்சுவது சொற்பமே என்றார்கள். இந்த விவாதத்தை மறைத்து, ‘காடு சுனாமியைத் தடுத்தது’ என்று மட்டும் சொல்வது அறிவியலுக்குச் செய்யும் துரோகம். அலையாத்திக் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், புயலலைக்கும் அன்றாட அரிப்புக்கும் நல்ல அரண். அதற்காக, மரம் இருக்கிறது என்ற தைரியத்தில் கடலோரம் வீடு கட்டவும் கூடாது, எச்சரிக்கை வந்தபின் ஓடாமல் இருக்கவும் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயலைச் சந்தித்த மாவட்டத்துக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நட்டால் மட்டும் போதுமா?

சுனாமிக்குப் பிறகு ஆசியக் கரைகளெங்கும் அலையாத்திக் கன்று நடும் வேகம் பிறந்தது. இலங்கையில் நட்டவற்றின் கதியை 2017இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் நட்டதில் வெற்றி பெற்றது ஏறத்தாழ 200 ஹெக்டேர்தான். ஆராய்ந்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிலிப்பைன்ஸில் நட்ட கன்றுகளில் நூற்றுக்குப் பத்து இருபதுதான் பிழைத்தன என்று அங்குள்ள ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே. நடுவதற்கு எளிதான இடத்தில் நட்டார்கள். அந்த இனம் வாழக்கூடிய இடத்தில் நடவில்லை. நீர்மட்டத்தை யாரும் அளக்கவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளரும் வாழ்நாள் முழுக்க இதையே வலியுறுத்தினார்: முதலில் நீரோட்டத்தைச் சரிசெய்யுங்கள், விதை தானே வரும்.

பிச்சாவரத்திலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மீண்ட பரப்பில் வெண்கண்டலின் ஆதிக்கமே அதிகம். ஒரே இனம் நிறைந்த காடு நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் ஆளாகும். நன்னீர் வரத்து குறைந்தால் உப்பைக் குறைவாகத் தாங்கும் இனங்கள் முதலில் விடைபெறும். கடல்மட்டம் ஏறிவரும் காலத்தில் காடு மேற்கே நகர இடம் வேண்டும். மேற்கே வயலும் குளமும் ஊரும் நிற்கின்றன. இவற்றுக்கெல்லாம் வாய்க்கால் மட்டும் விடையாகாது. கொள்ளிடத்தில் எப்போது, எவ்வளவு நீர் விடுவது என்று முடிவுசெய்யும்போது, பாசனத்துக்குப் பக்கத்தில் கழிமுகத்தின் பங்கையும் எழுத வேண்டும்.

2023–24 மத்திய நிதிநிலை அறிக்கை அலையாத்திக் காடுகளுக்கென்று ‘மிஷ்டி’ என்ற தனித் திட்டத்தை அறிவித்தது. தமிழக அரசும் கடலோரக் காடுகளை விரிவாக்கி வருகிறது. பணம் வரும், கன்றுகளும் வரும். இனி ஒரு திட்டம் நம் கரைக்கு வரும்போது ஊர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இங்கே முன்பு காடு இருந்ததா, இருந்ததென்றால் அது ஏன் தானாகத் திரும்பவில்லை? நீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும்? ஐந்து ஆண்டு கழித்து வாய்க்காலைத் தூர்வாரப்போவது யார், அவர்களுக்குக் கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும்?

மூன்றாவது கேள்விதான் மிகவும் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. கன்று நடும் விழாவுக்குப் பணம் ஒதுக்குவது எளிது. தூர்வாருவதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதில் புகைப்படத்துக்கு வேலையில்லை. ஆனால் ஏரியைக் குடிமராமத்தால் காத்த நாடு இது. கரையைப் பலப்படுத்துவதும் மதகைப் பார்ப்பதும் ஊரின் ஆண்டு வேலை என்று நம் முன்னோர் வைத்திருந்தார்கள். அந்த முறையை அலையாத்திக் காட்டுக்கும் நீட்டி, ஊர் மன்றங்களின் கையில் நிலையான தூர்வாரும் நிதியைக் கொடுத்தால், பிச்சாவரத்தில் கிடைத்த அறிவு ஒரு தலைமுறையோடு நின்றுபோகாது.